ஏழாம் புள்ளிக்குப் பின்னால்

சுமலதா மேடம் இடது கையைத் தூக்கிவிட்டால் நான் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். அன்றும் அப்படித்தான். வைகாசி மாதம், காலை ஆறேகால் மணி, குடக்கல் மலையில் ஏழாவது புள்ளி. பாறையில் வெள்ளைப் பெயிண்டால் ஏழு என்று எழுதியிருக்கும் இடத்தில் கால் இரண்டையும் சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பறவை எண்ணுகிறவர் கண்ணை மூடிக்கொள்வார் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். பாதிக்கு மேல் காதால்தான் எண்ணுகிறார். உதடு மட்டும் அசையும். “சின்னான் ஒண்ணு, வடக்க, இருவத்தஞ்சி மீட்டரு. சின்னான் ரெண்டு, அதே பக்கம், நாப்பது. தவிட்டுக்குருவி ஆறு. மயிலு, தூரமா.” நான் எழுத வேண்டும். ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது. நேரம் முடிந்த பிறகு முருகனே மயில்மேல் வந்து இறங்கினாலும் நோட்டில் ஏறாது.

கை இறங்கியது. மேடம் என் தோளுக்கு மேல் எட்டி நோட்டைப் பார்த்தார். அந்த ஒரு புள்ளியில் மட்டும், மேடம் முக்கியமாகத் தேடும் மஞ்சள் தொண்டைச் சின்னான் ஐந்து. பத்துப் புள்ளியும் முடித்து இறங்கும்போது கூட்டிப் பார்த்தால் மலை முழுக்கப் பதினான்கு. “எட்டு வருசத்துல இங்க இதாண்ணா அதிகம்” என்று சொல்லிவிட்டுப் பாறையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி காலை ஆட்டினார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் பதினான்கில் எத்தனை மேடத்தின் பதினான்கு, எத்தனை என்னுடையது என்கிற சந்தேகம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

என் பெயர் கலியபெருமாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் ஒருநாள் விடியற்காலையில், முதுகில் பையும் கழுத்தில் பைனாகுலருமாக ஒரு பெண் வந்து, “அண்ணா, சீயமங்கலம் ரோட்டுல ஒரு மல இருக்குது, அடிவாரம் வரைக்கும் போவணும்” என்றார். குகைக் கோயில் பார்க்க வந்தவர் என்று நினைத்தேன். பக்கத்து ஊர் வல்லத்துப் பெண்தான், சென்னையில் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி என்று போகப் போகத் தெரிந்தது. முதலில் ஆட்டோவோடு நின்றேன். அடுத்த வாரம் பையைத் தூக்கினேன். மூன்றாவது மாதம் நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. எட்டு மலை, மலைக்குப் பத்துப் புள்ளி, வருடத்துக்கு இரண்டு முறை, தையில் ஒன்று, வைகாசியில் ஒன்று. அதே இடம், அதே நேரம், அதே ஐந்து நிமிடம். மழைக்கால வழுக்குப் பாறையில் முட்டியைப் பெயர்த்துக்கொண்ட வருடமும் விடவில்லை, கட்டோடு நொண்டி நொண்டி ஏறினார். அவருடைய அப்பா இறந்த வருடம், கருமாதி முடிந்த நான்காம் நாள் என் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். “இந்த வருசத்த விட்டா அது போனது போனதுதாண்ணா. திரும்பி வந்து எண்ண முடியாது” என்றார். என் வாழ்க்கையில் நான் யாரையும் பார்த்து இப்படி வாய் பிளந்தது கிடையாது.

ஊர் அவரைக் குருவி டாக்டர் என்றது. மலையடியில் ஆடு மேய்க்கும் பூவாயி அக்கா, கழிச்சல் கண்ட கோழியை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து “டாக்டரம்மா, ஒரு ஊசி போடு” என்று நின்றதெல்லாம் நடந்தது. மேடம் சிரிக்கவில்லை. கோழியை வாங்கிப் பார்த்து, செஞ்சி கால்நடை ஆஸ்பத்திரிக்கு என் ஆட்டோவிலேயே அனுப்பி வைத்தார். கோழி பிழைத்தது. அந்த உறவில்தான் மூன்று வருடத்துக்கு முன் மேடம் பூவாயி அக்காவிடம் ஒன்று கேட்டார். எங்கள் பக்கத்தில் மாசி மாதம் மலைப் புல்லைக் கொளுத்துவார்கள். காய்ந்தது எரிந்து போனால் முதல் மழைக்கு இளம்புல் தளதளவென்று வரும், ஆட்டுக்கு ஆகும். “குடக்கல் மலையில மட்டும் கொளுத்தாம இருக்க முடியுமாக்கா? சின்னான் பொதருலதான் கூடு கட்டுது. தீயில எல்லாம் போயிடுது” என்றார். அக்கா அரை நாள் யோசித்துவிட்டு மலையடி ஊரில் எல்லோரையும் பேசிச் சம்மதிக்க வைத்தது. அதிலிருந்து புல்லுக்காக இரண்டு கல் தொலைவு நடந்து ஏரிக்கரைக்குப் போகிறது. கோழிக்குச் செய்த நன்றி என்று சொல்லிக்கொள்ளும்.

அந்த மாசியில் தீ நின்றது. அதே வருடம் சித்திரையில்தான் நான் என் திருக்கூத்தை ஆரம்பித்தேன். என் மகள் அனு பிளஸ் டூ எழுதியிருந்தாள். ரிசல்ட் வரும்வரை நாற்பத்தெட்டு நாள் வாயில்லாத ஜீவனுக்குத் தண்ணீர் வைப்பதாக மீனம்பாள் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொள்வது அவள், சுமப்பது நான், அதுதான் எங்கள் குடும்ப வழக்கம். எங்கே வைக்கலாம் என்று யோசித்தபோது குடக்கல் மலை ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வைகாசியில் அங்கே மேடத்துக்குக் கிடைத்தது மூன்றே மூன்று சின்னான். இறங்கும்போது நோட்டை வாங்கித் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். அந்த முகம் என் மனதில் இருந்தது. ஜீவனுக்கும் தண்ணீர் ஆச்சு, மேடத்துக்கும் நாலு குருவி கூடக் கிடைக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். ஏழாவது புள்ளிக்கு நாற்பது தப்படி பின்னால், யானை முதுகு மாதிரி இருக்கும் பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு அகலச் சட்டி. ஒன்பதாவது புள்ளிக்குக் கீழே, கல் இச்சி மரத்தடியில் இன்னொன்று. வேண்டுதலை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்று மீனம்பாள் சொல்லியிருந்ததால் யாரிடமும் மூச்சு விடவில்லை. அனு பாஸ் செய்தாள். நாற்பத்தெட்டு நாளோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சட்டி விளிம்பில் அந்த மஞ்சள் கழுத்துக் குருவிகள் வரிசையாக உட்கார்ந்து குடிப்பதைப் பார்த்த கண்ணுக்கு நிறுத்த மனம் வரவில்லை. கோடை தோறும் வைத்தேன். எட்டு, பதினொன்று, பதினான்கு.

அது எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்தது அந்தப் பதினான்கு கிடைத்த மறுநாள்தான். கூட்டு ரோட்டு டீக்கடையில் மேடம் லேப்டாப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். எட்டு மலைக்கு எட்டுக் கோடு. ஏழு கோடு சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கின. ஒன்று மட்டும் இறங்கி வந்து, மூன்று வருடத்துக்கு முன் திரும்பி, விறுவிறுவென்று மேலே ஏறியது.

“குடக்கல் மல” என்றார். “தீய நிறுத்துனம் பாருங்கண்ணா, அதுலருந்து ஏறுது. அடுத்த வாரம் விழுப்புரத்துல அதிகாரிங்க கூட்டம். இத வெச்சிதான் பேசப்போறேன். இருவது ஊருல புல்லு கொளுத்தறத நிறுத்த சொல்லலாம்னு இருக்காங்க. ஆராய்ச்சிய இன்னும் அஞ்சி வருசம் நீட்டிக்கறதும் இதுலதான் இருக்குது.”

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். இந்தக் குருவி தென்னாட்டுப் பாறைக் குன்றுகளை விட்டால் வேறெங்கும் கிடையாது என்று மேடம் எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். அது குறைந்துகொண்டே போகிறது என்று எழுதி எழுதி அலுத்த மனுஷிக்கு முதன்முதலாகக் கிடைத்த நல்ல செய்தி அது. அதில் என் சட்டித் தண்ணீர் கலந்திருக்கிறது. இருபது ஊரில் இருபது பூவாயி அக்கா புல்லுக்கு நடக்கப்போகிறார்கள்; குருவி கூடியது என் சட்டியாலா, தீ நின்றதாலா? எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது, ஆனால் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அதற்கு நான் மண் குழைத்துக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் மீனம்பாளிடம் சொன்னேன். அவள் முறத்தில் கல் பொறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள். “சொல்லிடு” என்றாள். “வேண்டுதலு முடிஞ்சி ரெண்டு வருசம் ஆவுது. இப்ப சொன்னா சாமி ஒண்ணும் கோச்சிக்காது. அந்தப் பொண்ணுதான் கோச்சிக்கும்.”

அதுதான் பயமே. இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, வந்த சவாரியைக்கூடப் பக்கத்து வண்டிக்குத் தள்ளினேன். ஆட்டோக்காரன் என்பதை விட, மேடத்தோடு மலையேறுகிறவன் என்றுதான் ஊரில் எனக்கு ஒரு மரியாதை. சொன்னால் அது போகும். போனால் போகட்டும் என்று தைரியமாக நினைக்கும்போதே, இல்லை, போகக்கூடாது என்று இன்னொரு மனம் அழுதது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் அறிக்கை பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பிரதி. மேடம் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். மெஷினிலிருந்து சூடாக வந்த தாளை நான் அடுக்கினேன். எல்லாம் இங்கிலீஷ். ஒரு பக்கத்தில் மட்டும் நடுவில் ஒரு வரி தமிழில் இருந்தது: வ. கலியபெருமாள், செஞ்சி. நன்றி சொல்லும் பக்கம் அது. இங்கிலீஷ் நடுவில் அந்தப் பெயரைத் தமிழில் போட்டிருக்கிறார், எனக்குப் படிக்க வர வேண்டும் என்று. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வெளியே போனேன்.

“மேடம், மிசின நிறுத்த சொல்லுங்க.”

“ஏண்ணா, பேப்பர் மாட்டிக்கிச்சா?”

“குடக்கல் மலையில நான் தண்ணி வெச்சிக்கினு இருக்கறேன் மேடம். மூணு வருசமா. ஏழாவது பாயிண்டுக்குப் பின்னால.”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். எதிர்முனையில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது நோட்டு. கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

“எந்தத் தேதில மொதல்ல வெச்சீங்க?”

“சித்திர ஒண்ணு. அனு பரீச்ச எழுதுன வருசம்.”

“எத்தன சட்டி?”

“ரெண்டு. ஒம்போதுக்குக் கீழ ஒண்ணு.”

“எண்ணறதுக்கு மொத நாளும் ஊத்துனீங்களா?”

“ஊத்துனேன்.”

“தையில?”

“தையில வெக்கறதில்ல மேடம். மாசி முடியட்டும்னு வுட்டுடுவேன்.”

ஒவ்வொன்றையும் எழுதினார். மலையில் நின்று பறவையை எழுத வைப்பாரே, அதே நிதானம். எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லண்ணா” என்றார். “எட்டு வருசம் கூட வந்தீங்க.”

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. “இன்னியோட நிறுத்திடறேன் மேடம். சட்டிய ஒடைச்சிப் போட்டுடறேன். யாருக்கும் தெரியப் போறதில்ல. தீய நிறுத்துனதும் நல்லதுதான. அறிக்க அப்பிடியே இருக்கட்டும்.”

“நல்லதா இருக்கலாம்” என்றார். “ஆனா எனக்குத் தெரியல. இருவது ஊருல போயி கொளுத்தாதீங்க, குருவி கூடும்னு நான் சொல்லணும். பூவாயக்கா மாதிரி அவங்களும் நம்பி நடப்பாங்க. கூடலன்னா?” நோட்டைப் பைக்குள் வைத்தார். “உங்க மேல மட்டும் இல்லண்ணா தப்பு. தையில எண்ணுனது ஏறவே இல்ல. வைகாசியில மட்டும்தான் ஏறுது. அத நான் பாத்தேன். பாத்துட்டு, அது குஞ்சு பொரிக்கற காலம்னு எனக்கு நானே பதிலு சொல்லிக்கினேன். கொறஞ்சிருந்தா பாறைக்குப் பின்னால போயி ஏன்னு தேடியிருப்பேன். கூடிச்சி, நல்லா இருந்துச்சி. அதனால தேடல.”

எழுந்து கடைக்குள் போய் மெஷினை நிறுத்தச் சொன்னார். ஏழு பிரதி முடிந்திருந்தது. கடைக்காரர் அதை என்ன செய்வது என்று கேட்டார். “பின்பக்கம் எழுதிக்க ஆவும், குடுங்க” என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்று நாள் வல்லத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி எழுதினார். நடுவில் ஒரே ஒரு போன் வந்தது. “அண்ணா, தண்ணி வெச்ச விவரத்த எழுதறேன். உங்க பேர போடட்டுமா, ஒருத்தர்னு போடட்டுமா? உங்க இஷ்டம்.” வெளியே சவாரி நின்றுகொண்டிருந்தது. போடுங்க மேடம் என்றேன். வெட்கம்தான். ஆனால் அவர் தன் தப்பை எழுதும்போது நான் மட்டும் ‘ஒருத்தர்’ என்று ஒளிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆக, நன்றிப் பக்கத்திலும் என் பெயர் இருந்தது, குறைகளைச் சொல்லும் பக்கத்திலும் இருந்தது. இங்கிலீஷ் அறிக்கையில் இரண்டு இடத்தில் தமிழில் பெயர் வந்த ஒரே ஆட்டோக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

விழுப்புரத்தில் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி. திரையில் ஏழு கோடு மட்டும் வந்தது, ஏழும் கீழே இறங்கின. எட்டாவது மலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னார்: அங்கே தண்ணீர் வைக்கப்பட்டது, அது தன் கவனத்துக்கு வரவில்லை, வைகாசி எண்ணிக்கை தாறுமாறாகியிருக்கலாம், எனவே மூன்று வருடக் கணக்கு நீக்கப்பட்டுவிட்டது, தீயைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. மேசைத் தலைமாட்டில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

“இருந்ததுலயே அது ஒண்ணுதானேம்மா நல்ல சேதி?”

“ஆமா சார்.”

“இந்தக் கலியபெருமாளு யாரு? ஊருக்காரரா?”

“எங்கூட வேல செய்யறவரு சார். பின்னால உக்காந்திருக்காரு.”

எல்லாத் தலையும் திரும்பியது. நான் எழுந்து நின்று கும்பிட்டு உட்கார்ந்தேன். அத்தனை பேர் பார்வையிலும், இந்த மனுஷிக்கு நோட்டுப் பிடிக்கக் கொடுத்து வைத்தேனே என்று நினைத்துக்கொண்டேன். நீட்டிப்பைப் பற்றிப் பிறகு தெரிவிப்பதாகச் சொன்னார்கள். இருபது ஊர்ப் பேச்சு அன்றைக்கு எடுக்கப்படவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மேடம் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். பாதி வழி தாண்டிய பிறகு கண்ணைத் திறந்து, “நாளைக்குக் காலையில அந்தச் சட்டியக் காட்டுங்க” என்றார்.

மறுநாள் ஏறினோம். ஜெராக்ஸ் கடை நாளிலிருந்து நான் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றவும் பயம், ஊற்றாமலிருக்கவும் மனம் கேட்காமல், அன்று ஐந்து லிட்டர் கேனை மட்டும் சுமந்து வந்திருந்தேன். கத்திரி முடிந்தும் வெயில் விடவில்லை, ஏழு மணிக்கே பாறை சுட்டது. மேடம் வெள்ளை எழுத்தைத் தாண்டி வந்து, முதன்முறையாக அந்த யானை முதுகுப் பாறையைச் சுற்றினார். சட்டி வறண்டு, அடியில் பாசி கருகி ஒட்டியிருந்தது. சுற்றிலும் எச்சம், இறகு. சப்பாத்திக் கள்ளிக்குள்ளிருந்து ஒரு சின்னான் வந்து சட்டி விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனது. புதருக்குள் குஞ்சுகள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

“மேடம், ஊத்தட்டுமா?” என்றேன். “ஊத்துனா அடுத்த கணக்குக்கும் இந்த மல உங்களுக்கு இல்ல.”

சட்டியருகே குந்தி, எச்சத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், கள்ளிப் புதரைப் பார்த்தார், அடிவாரத்தைப் பார்த்தார். கீழே பூவாயி அக்காவின் ஆடுகள் ஏரிப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. பிறகு என் கையிலிருந்து கேனை வாங்கி, மூடியைத் திருகி, சட்டியில் அவரே ஊற்றினார். பாசி மெல்லப் பச்சை காட்டி மிதந்தது. “மழ வர்ற வரைக்கும் ஊத்துங்கண்ணா” என்றார். “அப்பறம் சட்டிய எடுத்துடணும். புதுசா மொதல்லருந்து எண்ணிப் பாப்போம்.”

பதினைந்து தப்படி தள்ளி, பாறை நிழலில் உட்கார்ந்தோம். முதலில் அந்தக் கத்திவிட்டுப் போனது வந்தது. பிறகு இரண்டு. பிறகு கள்ளியிலிருந்தும் துரிஞ்சி மரத்திலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக, சட்டி விளிம்பில் இடம் போதாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. நான் பதினேழு வரை எண்ணினேன், அதற்கு மேல் குழம்பிவிட்டது. எட்டு வருடத்தில் ஒரே இடத்தில் இத்தனை சின்னானை நாங்கள் பார்த்ததில்லை. மேடத்தின் கை தானாக, நோட்டு இருந்த பையின் ஜிப்புக்குப் போனது. பாதி திறந்தது. அப்படியே நின்று, திரும்ப மூடி, முட்டிமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒரு குஞ்சு வந்தது. கழுத்தில் இன்னும் மஞ்சள் ஏறாத, வால் வளராத குஞ்சு. எப்படிக் குடிப்பது என்று தெரியாமல் விளிம்பில் தத்தித் தத்தி ஒரு சுற்று வந்தது. பிறகு கால் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்து, இறகெல்லாம் ஒட்டிப்போய், அலகு நிறையத் தண்ணீரோடு நிமிர்ந்தது.